ஆண்குறி வளைவு: யாருக்குப் பயம் வேண்டாம்? யாருக்குச் சிகிச்சை வேண்டும்?

வைத்தியரிடம் கடைசி ஆளாக வருகிறவர்கள் சிலர் உண்டு. கூட்டம் கலையும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வந்ததும் "வயிறு சரியில்லைங்க", "உடம்பு ஒரே அசதியா இருக்கு" என்று எதையாவது சொல்வார்கள். நாடி பார்த்து, மருந்துச் சீட்டும் எழுதிக் கொடுத்த பிறகு, கதவு வரை போய்த் திரும்பி நின்று, "இன்னொரு விஷயம்... சொல்லலாமா?" என்று கேட்பார்கள்.

அந்த 'இன்னொரு விஷயங்களில்' அடிக்கடி வருவது இது: "விறைப்பு வரும்போது ஆண்குறி ஒரு பக்கமா வளையுது. இது என்ன நோய்?"

22 வயது வாலிபரும் இதைக் கேட்கிறார். 55 வயது குடும்பஸ்தரும் கேட்கிறார். கேள்வி ஒன்றுதான் என்றாலும் பதில் ஒன்றல்ல. வாலிபருக்குப் பெரும்பாலும் நோயே இல்லை. குடும்பஸ்தருக்குப் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே என்னிடம் வருவதற்கு முன்னால், விளம்பரத்தைப் பார்த்து ஏதோ ஒரு எண்ணெய்ப் புட்டியை வாங்கித் தடவிவிட்டுத்தான் வருகிறார்கள். ஒருவருக்கு அது தேவையில்லை. இன்னொருவருக்கு அது பயனில்லை. யாருக்கு என்ன தேவை என்பதைப் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஆண்குறிக்குள் எலும்பு கிடையாது. நீளவாக்கில் இரண்டு குழல்கள் அருகருகே இருக்கின்றன. அவற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற திசு. இவற்றின் அடிப்புறத்தில் மூன்றாவதாக, சிறுநீர்ப் பாதையைச் சுமந்து செல்லும் மென்மையான குழல். மேலே உள்ள இரண்டு குழல்களையும் சுற்றி வெண்மை நிறத்தில் உறுதியான ஓர் உறை போர்த்தியிருக்கிறது. இந்த உறைதான் நம் கட்டுரையின் நாயகன்!

ஆசை எழும்போது மூளையிலிருந்து நரம்பு வழியாக உத்தரவு வருகிறது. பஞ்சுத் திசுவுக்குள் ரத்தம் பாய்கிறது. உறை விரிந்து கொடுக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் விரிய முடியாமல் இறுகுகிறது. அந்த இறுக்கத்தில், ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சின்னஞ்சிறு நாளங்கள் நசுங்கி அடைபடுகின்றன. உள்ளே வந்த ரத்தம் உள்ளேயே நிற்கிறது. இதுதான் விறைப்பு.

உறை எல்லாப் பக்கமும் ஒரே அளவு விரிந்தால் உறுப்பு நேராக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் குறைவாக விரிந்தால்? பஞ்சர் கடையில் ஒட்டுப் போட்ட டியூபுக்குக் காற்றடிக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒட்டுப் போட்ட இடம் மட்டும் விரியாது. மற்ற பக்கம் புடைத்துக்கொள்ள, டியூப் ஒட்டு இருக்கும் பக்கமாக வளையும். ஆண்குறி வளைவின் சூட்சுமமும் இவ்வளவுதான். சாதாரண நிலையில் இந்த வளைவு தெரியாததற்கும் காரணம் இதுதான். காற்றில்லாத டியூபில் வளைவு ஏது?

எது இயல்பு?

நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும் என்று எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லவில்லை. வலது கையும் இடது கையும் ஒரே அளவிலா இருக்கின்றன? இரண்டு பக்கத்துத் திசுக்களும் இம்மியும் பிசகாமல் ஒரே அளவு வளர்வதில்லை. அதனால் இடப்பக்கமோ வலப்பக்கமோ, மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ லேசான வளைவு இருப்பது சகஜம். அது ஆண்மையையோ குழந்தை பிறப்பதையோ பாதிக்காது.

'லேசான' என்றால் எவ்வளவு? சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். 12க்கும் 1க்கும் இடையே உள்ள சாய்வு 30 டிகிரி. 12க்கும் 2க்கும் இடையே 60 டிகிரி. வளைவு 30 டிகிரிக்குள் இருந்து, வலியில்லாமல், தாம்பத்தியத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் இருந்தால் எந்தச் சிகிச்சையும் வேண்டாம். "மருந்து வேண்டாம்" என்று சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஆனால் இங்கே மருந்து வேண்டாம் என்பதுதான் சரியான வைத்தியம்.

கவனிக்க வேண்டியவை வேறு. இத்தனை நாள் நேராக இருந்தது புதிதாக வளைய ஆரம்பித்திருக்கிறதா? விறைப்பின்போது வலிக்கிறதா? தோலுக்கு அடியில் கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா? மாதத்துக்கு மாதம் வளைவு கூடுகிறதா? உறவு கொள்ள முடியாமல் போகிறதா? இதில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால் வைத்தியரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பிறவியிலேயே வருவது

சிலருக்கு உறையின் ஒரு பக்கம் பிறவியிலேயே சற்றுக் குறைவாக வளர்ந்திருக்கும். வாலிப வயதில்தான் அவர்களுக்கே இது தெரிய வரும். பெரும்பாலும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். சிலருக்குப் பக்கவாட்டில். வலி இருக்காது. தடவிப் பார்த்தால் கட்டி எதுவும் தட்டுப்படாது. வருஷங்கள் போனாலும் வளைவு அப்படியே இருக்குமே தவிர, கூடாது. இதற்கு மாத்திரையோ லேகியமோ தைலமோ கிடையாது. வளைவு அதிகமாக இருந்து தாம்பத்தியத்துக்குத் தடையாக இருந்தால் அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. அது நல்ல பலன் தருகிற சிகிச்சை.

நல்ல வேலையில் இருக்கும் ஒரு வாலிபர். வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். "பையன் மனசுல வேற யாரோ இருக்காங்க போல" என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். பையன் மனதில் இருந்தது இந்த வளைவு! பரிசோதித்தால், சிகிச்சையே தேவைப்படாத லேசான வளைவு. யாரையும் கேட்காமல், கண்டதையும் பார்த்து, தான் கல்யாணத்துக்கே லாயக்கில்லை என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். 10 நிமிடப் பேச்சில் தீர வேண்டிய விஷயம், நாலைந்து வருஷத்தைத் தின்றுவிட்டது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்புறத்தில் இருக்கும். கூடவே வளைவும் இருக்கலாம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது இதைக் கண்டால் உடனே குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். வழக்கமாக 6 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் இதைச் சரிசெய்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் முன்தோலை மட்டும் நீக்கிவிடாதீர்கள். புதிய சிறுநீர்ப் பாதையை அமைக்க அந்தத் தோல் தேவைப்படலாம்.

நடுவயதில் வருவது

இதுவரை சொன்னது பயம் வேண்டாத வளைவு. இனிச் சொல்லப்போவது அலட்சியம் கூடாத வளைவு.

பிரான்ஸ் தேசத்தில் பதினைந்தாம் லூயி மன்னரிடம் அரண்மனை வைத்தியராக இருந்தவர் லா பெய்ரோனி. 1743ம் ஆண்டில் இவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். அதனால் இதற்குப் 'பெய்ரோனி நோய்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாரேஜ் என்ற ஊரின் ஊற்றுத் தண்ணீரை அவர் சிகிச்சையாகச் சிபாரிசு செய்தார். ஊற்றுத் தண்ணீரால் இது குணமாகாது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் நோயை அவர் கவனித்த விதத்துக்காக இன்றும் அவர் பெயர் நிற்கிறது.

இதில் நடப்பது என்ன? உறவின்போது உறுப்பு எக்குத்தப்பாக மடங்கினால், உறையில் நூலிழை அளவு கீறல் விழலாம். பல சமயம் அது நமக்கே தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காயம் தானாக ஆறிவிடும். சிலருக்கு மட்டும் ஆறுகிற வேலை அளவோடு நிற்காமல், அந்த இடத்தில் கெட்டியான தழும்பு படிந்துவிடுகிறது. பஞ்சர் ஒட்டு விழுந்துவிட்டது! தழும்பு பெரும்பாலும் மேல்புறத்தில் உண்டாவதால், வளைவும் பெரும்பாலும் மேல் நோக்கியே இருக்கும்.

40 வயதுக்கு மேல், முக்கியமாக 50களில், இது அதிகமாகக் காணப்படுகிறது. இளைஞர்களுக்கும் எப்போதாவது வரலாம். ஜெர்மனியின் கொலோன் நகர வட்டாரத்தில் ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2001ல் வெளியானது. அதில் நூற்றுக்கு 3 பேருக்கு இதன் அறிகுறி இருந்தது. ஆகவே "உலகத்திலேயே எனக்கு மட்டும்தான்" என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். பிராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு வருகிறது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. இன்னொரு சுவாரஸ்யமான தொடர்பு: உள்ளங்கையில் தோலுக்கு அடியில் கயிறு போலத் தடித்து, மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிக்கொள்கிற ஒரு நோய் இருக்கிறது. அது உள்ளவர்களில் சிலருக்கு இதுவும் இருக்கும். அதனால் இந்தப் புகாருடன் வருகிறவரிடம் நான் முதலில் "கையை விரிங்க" என்பேன். அவர்கள் ஜோசியம் பார்க்கிறேனோ என்று விழிப்பார்கள்!

இதன் அடையாளங்கள்

தோலுக்கு அடியில் புளியங்கொட்டை போல, அல்லது நீளமாகத் தகடு போல ஒரு கெட்டித் தடிப்பு தட்டுப்படும். விறைப்பின்போது வலி இருக்கும். வளைவு தோன்றும். சிலருக்கு ஓர் இடத்தில் மட்டும் உடுக்கை இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். நீளம் சற்றுக் குறைந்தது போலத் தெரியும். பலருக்கு விறைப்பும் தளர்ந்துபோகும்.

இந்தத் தடிப்பைத் தொட்டதும் "கேன்சர்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது கேன்சர் அல்ல. கேன்சராக மாறுவதும் இல்லை. பெண் தொடர்பால் வருகிற நோயும் அல்ல. மனைவிக்குத் தொற்றாது. அதே சமயம், நுனியிலோ முன்தோலுக்குள்ளோ ஆறாத புண், வளர்கிற கட்டி, துர்நாற்றத்துடன் நீர்க்கசிவு இருந்தால் அது வேறு கதை. அதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இந்த நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் கொதிநிலை. வலி இருக்கும், வளைவு மாறிக்கொண்டே வரும். சாதாரணமாக 6 மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை, சிலருக்கு ஒன்றரை வருஷம் வரை நீடிக்கும். இரண்டாவது கட்டம் தணிந்த நிலை. பெரும்பாலோருக்கு வலி போய்விடும். ஆனால் வளைவு அப்படியே நின்றுவிடும்.

"தானா சரியாகாதா?" என்றால், வலி பெரும்பாலும் தானாகச் சரியாகும். வளைவோ பத்தில் ஒருவருக்குத்தான் தானாகக் குறைகிறது. சுமார் பாதிப் பேருக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் கூடத்தான் செய்கிறது. அதனால் "பார்த்துக்கலாம்" என்று விடுவது புத்திசாலித்தனம் அல்ல.

படுக்கை வாசலுக்குப் போன கதை

50 வயதைத் தாண்டிய ஒருவர். நீரிழிவு உண்டு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. திடீரென்று ஒருநாள் முதல் "உள்ளே புழுக்கமா இருக்கு" என்று பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். மார்கழி மாசமும் வந்தது, அப்போதும் திண்ணைதான்! மனைவி என்ன நினைப்பார்? "இவருக்கு வெளியே யாரோ இருக்கு" என்று சந்தேகம். பேச்சு குறைந்தது. பிள்ளைகள் பஞ்சாயத்துச் செய்யும் அளவுக்குப் போய்விட்டது.

உண்மை என்னவென்றால், அவருக்கு வளைவும் வலியும் வந்து 8 மாதம் ஆகியிருந்தது. நெருங்கினால் வலிக்கும், வலித்தால் கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டும் என்கிற பயம். ரகசியமாகத் தபாலில் தைலம் வரவழைத்துத் தடவியதில் தோல் வெந்து புண்ணாகி, அதற்காகத்தான் என்னிடம் வந்தார். புண்ணை ஆற்றி, சர்க்கரைக்கு ஒழுங்காக வைத்தியம் பார்க்க வைத்து, யூராலஜி டாக்டரிடம் அனுப்பினேன். அதற்கெல்லாம் முன்னால், மனைவியை அழைத்து வரச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் அழுதுவிட்டார். "இதைச் சொல்லியிருந்தா நான் என்ன சொல்லப்போறேன்!" என்றார். அவருக்கு வளைவு முழுவதும் நேராகவில்லை. ஆனால் பாய் உள்ளே வந்துவிட்டது.

கைப்பழக்கம் காரணமா?

"சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்தது. அதனாலதான் வளைஞ்சிடுச்சு, நரம்பு தளர்ந்துடுச்சு" என்று சொல்லாதவர்கள் குறைவு. கைப்பழக்கத்தால் பிறவி வளைவு வராது. இந்தக் கையால் செய்தால் அந்தப் பக்கம் வளையும் என்பதும் கட்டுக்கதை. இந்தக் குற்ற உணர்ச்சியை வைத்துத்தான் போலி வைத்தியர்கள் பிழைக்கிறார்கள். உண்மையான தீங்கு முரட்டுத்தனத்தில்தான் இருக்கிறது. விறைத்திருக்கும் உறுப்பை வலுவாக மடக்குவது, அழுத்துவது, சொடுக்குவது - இவற்றால் உறை காயப்படும். நேராக்குகிறேன் என்று துணியால் இறுக்கிக் கட்டுவது, எடை கட்டித் தொங்கவிடுவது எல்லாம் இருக்கும் பிரச்னையை இரண்டாக்கும்.

உடனே ஓட வேண்டிய நிலை

விறைப்பின்போது உறுப்பு பலமாக மடங்கி, 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டு, கடும் வலியுடன் விறைப்பு சட்டென்று இறங்கி, கத்தரிக்காய் போலக் கருநீலமாக வீங்கினால், உறை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சிறுநீரில் ரத்தம் வரலாம், சிறுநீர் அடைக்கலாம். இதற்கு நாட்டு வைத்தியம் எதுவும் செய்யாதீர்கள். ஒத்தடம், பற்று, கட்டு எதுவும் வேண்டாம். ராத்திரி எந்நேரமானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீக்கிரமாகத் தைத்துவிட்டால் உறுப்பு பழையபடி வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக் காலம் கடத்தினால் நிரந்தர வளைவும் விறைப்புக் குறைவும் மிஞ்சும்.

சித்த மருத்துவம் என்ன செய்யும்?

நான் சித்த மருத்துவன். அதனால் இதை நானே சொல்வதுதான் நியாயம். உறையில் விழுந்துவிட்ட தழும்பைக் கரைத்து உறுப்பை நேராக்குகிறது என்று நிரூபிக்கப்பட்ட தைலமோ, சூரணமோ, பற்பமோ கிடையாது. மேலே தடவுகிற எண்ணெய் தோலோடு நின்றுவிடும். தழும்பு இருப்பது அதற்கும் கீழே, உறுதியான உறையில்.

வலி, இறுக்கம், சுருக்கம் இவற்றை வாதத்தின் குணங்களாகச் சித்தர் நூல்கள் சொல்கின்றன. அந்தக் கண்ணோட்டத்தில் உடலைத் தேற்றுவது எங்கள் வேலை. நீரிழிவைக் கட்டுக்குள் வைக்க உணவு முறை, மலச்சிக்கல் நீங்க வழி, தூக்கம், மன அமைதி, புகையிலையை நிறுத்துவது, உடல் இளைத்தவருக்கு அமுக்கரா, நெல்லி போன்ற தேற்றிகள் - இவை துணை மருத்துவம். துணையாக இருக்கட்டும். அதுவே முழுச் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலோபதி மருந்து சாப்பிடுகிறவர்கள் இரண்டு வைத்தியரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் எதையும் சேர்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சேங்கொட்டை, கொடிவேலி வேர், எருக்கம்பால், நேர்வாளம் - இவை முறைப்படி சுத்தி செய்து கையாள வேண்டிய சரக்குகள். இவற்றைப் போட்டுக் காய்ச்சிய பெயர் தெரியாத எண்ணெயை மென்மையான தோலில் தடவினால் கொப்புளம் கிளம்பும், வெந்துபோகும். அந்தப் புண் ஆறும்போது முன்தோல் ஒட்டிச் சுருங்கிப்போகக்கூடும். அதேபோல, ரசம், பாஷாணம் சேர்ந்தது என்று சொல்லி லேபிள் இல்லாமல் கொடுக்கிற பொட்டலங்களைத் தொடவே தொடாதீர்கள். சிறுநீரகத்துக்கு ஆபத்து.

"6 வாரத்தில் நேராகும்", "அளவு கூடும்" என்கிற விளம்பரங்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பாலியல் குறைகளுக்கு மருந்து விற்க விளம்பரம் செய்வதை 1954ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மருந்து விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆண்குறியின் அளவையும் வடிவத்தையும் மாற்றுவது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆகவே அப்படி விளம்பரம் செய்கிறவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறியவர். அவர் புட்டிக்குள் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரியான சிகிச்சை எது?

பார்க்க வேண்டியவர் யூராலஜி நிபுணர், அதாவது சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சை நிபுணர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்தப் பிரிவு உண்டு. அவர் தடவிப் பார்ப்பார். தேவைப்பட்டால் விறைப்பு வரவழைக்கும் ஊசி போட்டு ஸ்கேன் எடுப்பார். விறைத்த நிலையில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வீட்டிலேயே போட்டோ எடுத்து வரச் சொல்வதும் உண்டு. வாயால் சொல்வதைவிட அது தெளிவு. காட்டிய பிறகு போனிலிருந்து மறக்காமல் அழித்துவிடுங்கள்!

கொதிநிலையில் வலிக்கு மருந்து தருவார்கள். அவசரப்பட்டு அறுவை செய்ய மாட்டார்கள். வளைவு இன்னும் மாறிக்கொண்டிருக்கும்போது அறுத்துத் தைத்தால், பிறகு மறுபடியும் வளையலாம். பல வருஷங்களாக இதற்கு வைட்டமின் ஈ மாத்திரை கொடுப்பது வழக்கமாக இருந்தது. பலன் இல்லை என்று கண்டு, அமெரிக்க யூராலஜி சங்கம் 2015ல் வெளியிட்ட நெறிமுறையில் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அலைக்கதிர்ச்சி சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவை நேராக்காது.

டாக்டரின் மேற்பார்வையில் உறுப்பை மெதுவாக நீட்டிப் பிடிக்கும் இழுவைக் கருவிகள் சிலருக்கு உதவுகின்றன. தினமும், மாதக்கணக்கில் பொறுமையாக அணிய வேண்டும். தழும்புக்குள்ளேயே போடும் ஊசிகளும் உண்டு. தழும்பின் நாரைக் கரைக்கும் கொலாஜனேஸ் என்ற ஊசியை இந்த நோய்க்காக 2013 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்தது. தடிப்பு தட்டுப்பட வேண்டும், வளைவு 30 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டிரண்டாக, அதிகபட்சம் 8 ஊசிகள். இது வளைவைக் குறைக்கும். முழுக்க நேராக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஊசிக்குப் பிறகு உறை கிழிகிற அபாயமும் அபூர்வமாக உண்டு. அதனால் பழக்கமுள்ள நிபுணர்தான் போட வேண்டும்.

நோய் தணிந்து, குறைந்தது 3 முதல் 6 மாதம் வளைவு மாறாமல் நின்ற பிறகும் உறவு கொள்ள முடியவில்லை என்றால் அறுவை சிகிச்சை. மூன்று வகை உண்டு. முதலாவது, வளைவுக்கு எதிர்ப்பக்கத்து உறையை மடித்துத் தைத்து இரண்டு பக்கத்தையும் சமமாக்குவது. சட்டையில் ஒரு பக்கம் டக் பிடிக்கிற மாதிரி. எளிமையானது, பலன் நிச்சயம், ஆனால் நீளம் சற்றுக் குறையும். பிறவி வளைவுக்கும் இந்த வழிதான். நெஸ்பிட் என்ற அமெரிக்க நிபுணர் 1965ல் இதற்கு வழிகாட்டினார். இரண்டாவது, தழும்பை வெட்டித் திறந்து அங்கே வேறு திசுவை ஒட்டுப் போடுவது. அதிக வளைவுக்கும், உடுக்கை போல ஒடுங்கியதற்கும் இது ஏற்றது. ஆனால் பிறகு விறைப்பு குறையும் வாய்ப்பு முதல் வகையைவிட அதிகம். மூன்றாவது, மருந்துக்கும் விறைப்பு வராதவர்களுக்கு உள்ளே செயற்கைத் தண்டு பொருத்துவது.

எந்த அறுவைக்கும் முன்னால் "நீளம் எவ்வளவு குறையும்? உணர்ச்சி குறையுமா? விறைப்பு என்ன ஆகும்?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

*வளைவு இருந்தால் குழந்தை பிறக்குமா?*
பிறக்கும். விந்து உற்பத்திக்கும் வளைவுக்கும் சம்பந்தமில்லை. உறவு கொள்ள முடிந்தால் போதும்.

*கல்யாணத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?*
நிபுணர் பரிசோதித்து, வளைவு தடையாக இருக்கும் என்று சொன்னால் செய்துகொள்ளலாம். லேசான வளைவுக்கு, அழகுக்காகக் கத்தி வைக்காதீர்கள். இழக்கிற நீளம் திரும்ப வராது.

*நோய் இருக்கும்போது உறவு கொள்ளலாமா?*
கடும் வலி இல்லாவிட்டால் கொள்ளலாம். அவசரம் வேண்டாம். உறுப்பு மடங்காத, அழுத்தம் விழாத நிலையைக் கணவன் மனைவி பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மனைவிக்கு வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

*விறைப்புக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?*
மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடலாம்.

*எந்த டாக்டரிடம் போனாலும் சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்வது?*
ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். எப்போதிலிருந்து வளைகிறது, எந்தப் பக்கம், வலி உண்டா, தடிப்பு தட்டுப்படுகிறதா, விறைப்பு எப்படி, சர்க்கரை உண்டா, என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள், என்ன எண்ணெய் தடவினீர்கள் - இந்த 8 விஷயங்கள் போதும். மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக மனைவிமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணவர் திடீரென்று விலகிப் போனால், அதற்குக் காரணம் வெறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சொல்ல முடியாத வலியாகவும் இருக்கலாம். சண்டை போடாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "வாங்க, டாக்டர்கிட்ட நானும் வர்றேன்" என்று நீங்கள் சொன்னால், பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.